கோணல் சான்றிதழ்

கல்லைக் கையிலெடுத்த மனிதர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். எறிந்தவர்கள் முதல் வகை. எறிந்த கல்லைப் பொறுக்கி வீடு கட்டிக்கொண்டவர்கள் இரண்டாம் வகை. இந்த இரண்டு வகையினரைப் பற்றியும் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதியாகிவிட்டது. கல்லை மெருகேற்றி, ஓட்டை போட்டு, கம்பி சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்ட மூன்றாம் வகையினர்தான் நாகரிகத்தின் உச்சியைத் தொட்டவர்கள் என்பதும், அந்த உச்சியில் ஒரு செயலாளர் பூதக்கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார் என்பதும் இன்னும் எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவர் 'கைவினைக் கல்பதக்கக் கழக'த்தின் செயலாளர். அதற்கு முன்பு, வேலை பார்த்த காலமெல்லாம், ஒரு போல்ட்டு நட்டுத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். மயிரிழை பிசகிய போல்ட்டைக்கூட அவர் மன்னித்ததில்லை. முதலாளியின் சொந்த மைத்துனரே வந்து, "ஒரு தடவை கண்டுக்காம விட்டுடுங்க சார்" என்று கெஞ்சியபோது, "போல்ட்டு யாரோடதுன்னு எனக்குத் தெரியாது சார், அளவு என்னன்னுதான் தெரியும்" என்று சொன்ன வாய் அது. ஓய்வு பெற்ற அன்று பிரிவுபசார விழாவில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, மெதுவாக ஓடுகிறது என்று மேடையிலேயே திருப்பிக் கொடுத்தவர். இப்படிப்பட்ட உறுதியை வைத்துக்கொண்டு சும்மா வீட்டில் உட்கார முடியுமா?

உட்கார்ந்தார். அதுதான் பிரச்சினை. சமையலறையில் உள்ள டப்பா மூடிகள் எத்தனை சுற்றில் இறுகுகின்றன என்று ஆராய்ந்தார். துவைத்துக் காயப்போட்ட துணிகளின் கிளிப்புகளை இடைவெளி பார்த்து மாற்றி மாட்டினார். இரண்டாவது வாரம் அவர் மனைவி செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்திருந்த விளம்பரத்தை வெட்டி, அவர் சட்டைப் பையில் வைத்து, சட்டையையும் போட்டுவிட்டு, செருப்பையும் எடுத்து வைத்தாள்.

"என்னது இது?"

"கல்லுல பதக்கம் பண்ணச் சொல்லித் தர்றாங்களாம். தினம் சாயங்காலம். போயிட்டு வாங்க."

"எனக்கு எதுக்கு பதக்கம்?"

"உங்களுக்கு இல்லீங்க. எனக்குக் கொஞ்சம் நிம்மதி."

வகுப்பு நடத்தியவர் ஒரு பல் டாக்டர். நோயாளிகள் போன பிறகு அதே நாற்காலியில், அதே விளக்கின் கீழே, கற்களுக்கு ஓட்டை போட்டார். பல்லைத் துளைக்கும் மெஷினில் வைரமுனை மாட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் வேலை செய்வதைப் பார்க்கக் கூட்டம் கூடும். பழக்க தோஷத்தில், "லேசா வலிக்கும், பொறுத்துக்கோங்க" என்று கல்லிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். இதுவரை ஒரு கல்லும் புகார் கொடுத்ததில்லை. நோயாளிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வகுப்பு வளர்ந்து கழகமானபோது, நாற்காலி அவருடையது என்பதால் தலைவர் பதவியும் அவருக்கே போனது. பூதக்கண்ணாடி வைத்திருந்தவர் செயலாளரானார். ஒரு காலத்தில் ஜெராக்ஸ் மெஷின் விற்றுக்கொண்டிருந்த ஒருவர், எதையும் யாருக்கும் விற்றுவிடுவார் என்பதால், பொருளாளரானார்.

இவர்கள் கொண்டுவந்த நெறிமுறைகள் கொஞ்சநஞ்சமல்ல. உதாரணத்துக்கு ஒன்று. கரடுமுரடான கல்லை ஒரு ரப்பர் உருளைக்குள் போட்டு, சாணைப்பொடியும் தண்ணீரும் சேர்த்து, மோட்டாரை ஓடவிட்டால், நாள்கணக்கில் 'கடகட'வென்று உருண்டு உருண்டு கல் வழுவழுப்பாகிவிடும். இது மெஷின் இல்லையா என்று ஒரு புது உறுப்பினர் கேட்டுவிட்டார். சபை ஆடிப்போயிற்று. செயலாளர் எழுந்தார். "ஆத்துல கல்லு உருண்டு உருண்டு மழமழன்னு ஆகுதில்ல? அது மெஷினா? இல்ல. இதுவும் அதேதான். கொஞ்சம் அவசரமான ஆறு." மேற்படி உருளை இனிமேல் 'ஆறு' என்றே அழைக்கப்பட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அன்றிலிருந்து உறுப்பினர்கள் வீட்டில் ஆற்றுக்குக் கரண்டு பில் வந்தது.

செயலாளர் வீட்டிலும் ஓர் ஆறு வந்து இறங்கியது. கூடவே செம்புக் கம்பிச் சுருள், கூர்மூக்குக் குறடு, வெட்டுக் குறடு, கயிறு, செய்முறைக் கையேடு எல்லாம் வந்தன. செயலாளர் கையேட்டைப் படித்தார். நன்றாகப் படித்தார். அடிக்கோடு போட்டுப் படித்தார். ஆனால் கம்பியைக் கையிலெடுத்தால் அது அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கயிறு கோக்க மேலே தொங்கு வளையம் போடப் போனால் அது முட்டையாகவோ மூக்காகவோ முடிந்தது. ஒருநாள் கோபத்தில் கம்பியை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது, அந்தக் கல் கம்பிக்குள் அழகாக அடங்கி, மேலே வட்டமான ஒரு வளையத்தோடு, பதக்கமாகப் படுத்திருந்தது. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு பண்ணது இது?"

"கம்பி கோணிக்கிட்டு இருந்துச்சு. பார்க்கச் சகிக்கல. சும்மா சரி பண்ணி வச்சேன்."

அந்த அம்மாளின் கை அப்படி. கோணலைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனால், பேச்சோடு பேச்சாகச் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். மடித்து வைத்த துண்டுகளின் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று சொல்லிவைத்தாற்போல் நிற்கும். இத்தனை வருஷமும் அந்தக் கை செய்ததெல்லாம் துவைத்தவுடன் கலைந்தது, சாப்பிட்டவுடன் தீர்ந்தது. செய்ததும் கலையாமல், தீராமல், எதிரே உட்கார்ந்து மினுங்கும் ஒரு பொருளை அவள் முதல் முறையாகச் செய்தது அன்றுதான். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ரொம்பவே பிடித்துப்போய்விட்டது. வேலை முடிந்ததும் உட்கார்ந்து, கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்கு எந்தப் பக்கம் முகம் என்று கண்டுபிடித்து, கம்பியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

கழகத்தின் கண்காட்சியில் தனக்கு ஒரு மேஜை வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அவளுடைய தங்கை வங்கியில் மேனேஜர். நல்லவள்தான். ஆனால் யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், "இது எங்க அக்கா, வீட்ல சும்மாதான் இருக்கா" என்பாள். அந்தச் 'சும்மா'வைக் கேட்டுக் கேட்டு இவள் காது புளித்துப்போயிருந்தது. தங்கை உள்ளே நுழையும்போது, தான் ஒரு மேஜைக்குப் பின்னால், முன்னால் பெயர்ப் பலகையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய ஆசை ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கழகத்தின் மானம் கப்பலேறியது. முந்தைய கண்காட்சியில் ஒருவர் வாங்கிப் போன 'கைவினை'ப் பதக்கத்தின் பின்பக்கம், ஏதோ ஒரு தொழிற்சாலையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம். அவர் அதைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் அவசரக் கூட்டம் கூடியது. சுவரெல்லாம் சொத்தைப் பல் படங்கள். அவற்றின் கீழே உறுப்பினர்கள் துக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"கையில பண்ணதா மெஷின்ல பண்ணதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பல்லா இருந்தா எக்ஸ்ரே எடுத்துடலாம்" என்றார் தலைவர்.

செயலாளர் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். மனித சிந்தனை ஒரு படி மேலே ஏறப்போகிறது என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

"மெஷின் தப்பு பண்ணாது. சரியா?"

"சரி."

"மனுஷன் தப்பு பண்ணுவான். சரியா?"

"ரொம்பச் சரி" என்றார் தலைவர். தொழில் முறையில் அவருக்கு அதில் அனுபவம் இருந்தது.

"அப்ப தப்பு இருந்தா அது கை. தப்பே இல்லன்னா அது மெஷின்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. யாரோ ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் செயலாளர் அதோடு நிறுத்துகிறவரா? எவ்வளவு தப்பு என்று வரையறுக்க வேண்டாமா? தொங்கு வளையம் கல்லின் நடுக்கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமலும், இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாமலும் விலகியிருக்க வேண்டும். ஒன்றுக்குக் கீழே போனால் மெஷின். இரண்டுக்கு மேலே போனால் அது தப்பு இல்லை, அலட்சியம். இடைப்பட்டதே 'தகுதிக் கோணல்'. தேறிய பதக்கத்துக்கு ஓர் அட்டை கட்டி, உள்ளங்கை முத்திரை குத்தப்படும். ஒரு தகுதிக் கோணலாவது இல்லாதவருக்குக் கண்காட்சியில் மேஜை கிடையாது. முத்திரைக்கு உறுப்பினர்கள் தங்கள் உள்ளங்கையையே மையில் தோய்த்துப் பதிக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. கை ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஒரே சீராக இருக்காது என்று செயலாளர் அதை நிராகரித்து, ரப்பரில் ஒரு கை செய்யச் சொன்னார்.

முதல் ஆய்வு அடுத்த வாரமே நடந்தது. பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காகப் பதக்கங்களை யாருடையது என்று சொல்லாமல் வைத்தார்கள். செயலாளர் பூதக்கண்ணாடியும் வெர்னியர் அளவுகோலுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு கொத்துப் பதக்கங்கள் வந்தன. வளையம் நடுக்கோட்டில் ஆணியடித்தாற்போல் நின்றது. கம்பியின் நுனி எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைக்கவில்லை.

"மெஷின்" என்றார். "சந்தேகமே இல்ல. அதுவும் நல்ல மெஷின்."

அவை யாருடையவை என்று அவருக்குத் தெரியாதா? பச்சைக் கல்லின் நடுவே ஓடிய வெள்ளைக் கோட்டை, காலையில் காப்பி குடிக்கும்போது பார்த்திருந்தார். தெரியும். தெரிந்ததால்தான் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார். நடுநிலைமை என்றால் அதுதான்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டு கொஞ்சம் சத்தமாக வந்து உட்கார்ந்தது.

"ஏங்க, நான் கம்பி சுத்தறத நீங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"வீட்ல பார்த்தது உன் புருஷன். அங்க பார்த்தது செயலாளர்."

"ஓஹோ. இப்ப சாப்பிட உட்கார்ந்திருக்கிறது யாரு?"

செயலாளர் யோசித்தார். "புருஷன்தான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப அந்தப் புருஷன்கிட்ட சொல்லுங்க. எனக்கு ஒரே ஒரு மேஜை வேணும். தங்கச்சிகிட்ட வரச் சொல்லியாச்சு."

"அதுக்கு ஒரே ஒரு தப்பு பண்ணு. ஒரு மில்லிமீட்டர். ஊர் உலகத்துல எல்லாரும் பண்றதுதானே?"

அந்த அம்மாள் உண்மையாகவே முயற்சி செய்தாள். தப்புச் செய்வதற்காக ஒரு மனுஷி இவ்வளவு பாடுபட்டதை உலகம் கண்டதில்லை. இடது கையால் செய்து பார்த்தாள். வளையம் நடுவில் நின்றது. கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்தாள். நடுவில் நின்றது. பள்ளமும் மேடுமான சாலையில் ஓடும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஊர்க்கோடிவரை கம்பி சுற்றிக்கொண்டே போய்த் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை அவள் மடியில் விழுந்தார். வளையம் விழவில்லை. வேண்டுமென்றே கம்பியைக் கோணலாக வளைத்துவிட்டுக் கையை எடுப்பாள். எடுத்த கை அவளைக் கேட்காமலே திரும்பிப் போய் அதை நேராக்கிவிட்டு வரும்.

கடைசியில் தலைவரே மனமிரங்கினார். நாற்காலியில் உட்காரவைத்து, பல் பிடுங்கும்போது போடும் மரத்துப்போகிற ஊசியை அவள் விரல்களில் போட்டார்.

"ஒரு மணி நேரத்துக்கு இந்த விரல் உங்களுது இல்லம்மா. தைரியமா தப்பு பண்ணுங்க."

"டாக்டர், ஒண்ணுமே தெரியல. கம்பி எங்க இருக்குன்னே தெரியல."

"பிரமாதம்! அப்படியே சுத்துங்க."

சுற்றினாள். தலைவர் அதை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். மெல்ல மேஜைமேல் வைத்தார். "பல் செட் கட்ட எனக்கு இப்படி ஓர் ஆள் கிடைச்சா..." என்று ஆரம்பித்துப் பெருமூச்சு விட்டார். நடுக்கோடு தப்பவில்லை.

மற்ற உறுப்பினர்களுக்கு வேறு விதமான சோதனை. அவர்களுக்குக் கோணல் தாராளமாகவே வந்தது. ஆனால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நிற்க மறுத்தது. மூன்று, நான்கு என்று ஓடியது. ஒருவருடைய பதக்கத்தில் வளையம் கல்லின் அடியிலேயே போய் உட்கார்ந்திருந்தது. இந்த இக்கட்டிலிருந்து கழகத்தைக் காப்பாற்றியவர் பொருளாளர். எங்கிருந்தோ ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்தார். கல்லை அதில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், 'டக்' என்று கம்பி சுற்றி, வளையத்தைச் சரியாக ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைக்கும்.

"மெஷின் மாதிரி இருக்கே" என்று தலைவர் இழுத்தார்.

"கைப்பிடி இருக்கு பாருங்க சார். கை வச்சாத்தான் வேலை செய்யும். அப்புறம் இது எப்படி மெஷின் ஆகும்?"

அதற்கு 'உதவிக் கை' என்று பெயர் சூட்டப்பட்டது. ஆளுக்கொன்று வாங்கினார்கள். அடுத்த ஆய்வில் செயலாளர் அளந்தார். ஒன்றரை. ஒன்றரை. மறுபடியும் ஒன்றரை. மேஜை நீளத்துக்கும் ஒன்றரை. அவர் கண் பனித்துவிட்டது. அளவுகோலைக் கீழே வைத்து, "இவ்வளவு ஒழுங்கான தப்பை நான் என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல" என்றார். ரப்பர் கை ஓயாமல் எழுந்து விழுந்தது.

"எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்களேன்" என்று மனைவி கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. "கை இருக்கும்போது எனக்கு எதுக்கு 'உதவிக் கை'? தானா ஒரு தப்பு வரும். வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கும் ரோஷம் என்று ஒன்று உண்டு.

வரவில்லை. கண்காட்சிக்கு முந்தின நாளும் வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் அவள் ஒரு நீல நிற மேஜை விரிப்பைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நான்கு மூலையும் சேர மடித்துவைத்தாள். தங்கையிடம் போனில், "ஆமா, வந்துடு. உள்ள நுழைஞ்சா இடது பக்கம்தான் இருப்பேன்னு நினைக்கிறேன்" என்று சொன்னாள். அந்த 'நினைக்கிறேன்' பக்கத்து அறையில் இருந்த செயலாளரின் காதில் விழுந்தது. அவர் அப்போது முத்திரைக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். மை கொஞ்சம் சிந்திவிட்டது.

மறுநாள் காலை மனைவி குளிக்கப் போயிருந்தாள். பதக்கங்கள் மேஜைமேல் ஒரு பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. செயலாளர் அறைக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடியும் போனார். இத்தனை வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டுத் திருத்தாத அந்தக் கை, குறடு ஒன்றை எடுத்தது. வெள்ளைக் கோடு ஓடிய அந்தப் பச்சைக் கல்லை எடுத்தார். பாவம், அவளுக்கு ஒரு மேஜைதானே வேண்டும் என்று நினைத்தார். நிஜமாகவே நினைத்தார், அதில் பொய் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, குறட்டால் வளையத்தைப் பிடித்து, ஓர் அழுத்து அழுத்தினார். குறடு வழுக்கியது. அளந்து பார்ப்பதற்குள் குளியலறைக் கதவு திறந்தது. பதக்கத்தை வரிசையில் வைத்துப் பெட்டியை மூடிவிட்டு, ஜன்னல் வழியாக வானிலையைப் பார்க்கிற பாவனையில் திரும்பி நின்றார். முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட அரங்கில். வாசலிலேயே ஆய்வு மேஜை. தேறியவர்கள் உள்ளே, தேறாதவர்கள் வெளியே. உறுப்பினர்கள் வரிசையில் வந்தார்கள், ஒன்றரை மில்லிமீட்டரைக் காட்டினார்கள், ரப்பர் கையால் ஆசீர்வதிக்கப்பட்டு உள்ளே போனார்கள். வரிசையின் கடைசியில் அவர் மனைவி நின்றாள், இடுப்பில் நீல விரிப்போடு.

பெட்டியைத் திறந்து பதக்கங்களை எடுத்துவைக்கும்போதுதான் அவளும் பார்த்தாள். பச்சைக் கல் சாய்ந்து தொங்கியது. வளையத்தில் குறடு வழுக்கிய கீறல்கூட இருந்தது. அவள் கை பழக்கத்தில் அதை நிமிர்த்தப் போயிற்று. போன கை நின்றது. அவள் மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அவளுக்கென்று தன் கையால் செய்த முதல் காரியம் அது. அவள் முகத்தில் ஒரு வெட்கம் வந்து போனதைத் தலைவர்கூடக் கவனித்தார். அந்த ஒரு பதக்கத்தை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

செயலாளர் அளவுகோலை வைத்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

இரண்டு புள்ளி மூன்று.

"என்னாச்சு?" என்று தலைவர் குனிந்து எட்டிப் பார்த்தார். பிறகு காதோரம் வந்து, "அட, ரெண்டுன்னு எழுதிட்டு விடுங்க சார். பாவம், அந்தம்மா விரல்ல ஊசியெல்லாம் குத்திக்கிட்டாங்க" என்றார்.

செயலாளருக்கும் 'ரெண்டு' என்று சொல்ல ஆசைதான். சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்தார். முத்திரை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் கொஞ்சம் சிரிப்போடு, ரொம்ப நாளைக்குப் பிறகு. உள்ளே இடது பக்கம் ஒரு மேஜை காலியாக இருப்பதும் அங்கிருந்தே தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. ஆனால் அளவுகோலில் மூன்று கோடு கூடுதலாக இருந்தது. யார் செய்த தப்பு என்பதற்காக அளவு மாறுமா?

"அளவு மீறிய கோணல்" என்றார் செயலாளர். "நிராகரிக்கப்படுகிறது."

அவர் குரல் பிசகவில்லை. இதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். சொந்த மனைவி, சொந்தக் கை, சொந்தக் குறடு. மூன்றையும் ஒரே மூச்சில் நிராகரித்த ஒரு நேர்மையாளரை வேறெங்கே தேடுவது? தலைவர் வாயடைத்துப் போனார். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவருக்கு அது அபூர்வமான அனுபவம்.

மனைவி சண்டை போடவில்லை. அழவும் இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும் அணைந்துபோயிற்று. பதக்கங்களை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். கோணல் பதக்கத்தை மட்டும் பெட்டியில் வைக்காமல் கயிற்றோடு கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வெளியே போய், வாசலுக்கு எதிரே சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் இருந்த குட்டிச் சுவரைத் துடைத்து, நீல விரிப்பைப் பரப்பி, பதக்கங்களை வரிசையாக வைத்து உட்கார்ந்தாள்.

உள்ளே போய்விட்டு வந்த கூட்டம், வெளியே வந்ததும் அந்தச் சுவர்ப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. உள்ளே எல்லா மேஜையிலும் ஒரே மாதிரி சாய்ந்திருந்த பதக்கங்களைப் பார்த்து எல்லோருக்கும் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு முகத்தோடு நிமிர்ந்து பார்த்தது. "நல்லா இருக்கே, நல்லா இருக்கே" என்ற குரல்கள் ஆய்வு மேஜைவரை கேட்டன. செயலாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டு, வெளி ஒழுங்கை மேற்பார்வையிடும் பொறுப்பும் செயலாளரைச் சேர்ந்ததே என்ற முறையில், வாசல்படிவரை வந்து நின்றார்.

அப்போதுதான் தங்கை ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போகப் போனவள், சுவரடியில் அக்காவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா! உள்ளதானே இருப்பேன்னு சொன்னே? இங்க என்ன பண்றே?"

"வியாபாரம்தான். உட்காரு. அந்தப் பக்கம் உட்காரு, சைக்கிள் மேல விழாம."

தங்கை உட்கார்ந்தாள். ஒரு பதக்கத்தை எடுத்தாள். திருப்பினாள். வங்கியில் கையெழுத்தைச் சரிபார்க்கிற கண்ணோடு உற்றுப் பார்த்தாள். வேறொன்றை எடுத்தாள்.

"அக்கா, நிஜமாச் சொல்லு. இதெல்லாம் எந்த மெஷின்ல பண்ணினே?"

"மெஷினா? எல்லாம் இந்தக் கைதான்."

தங்கை அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சும்மா இருக்கிற கையா இது என்று அவள் கேட்டுக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவள் பார்வை அக்காவின் கழுத்துக்குப் போயிற்று.

"அப்ப இது என்னக்கா? இது மட்டும் ஏன் இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு? கீறல் வேற."

வாசல்படியில் நின்ற செயலாளர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். 'உங்க மாமா பண்ணது' என்று சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும். சொன்னால், ஏதோ நம்மால் ஆனது என்கிற மாதிரி லேசாகத் தலையை அசைக்க வேண்டும் என்றுகூடத் தீர்மானித்துவிட்டார்.

"இது மட்டும்தான் மெஷின் பண்ணது" என்றாள் மனைவி. தலையைத் தூக்கி வாசல்படியைக் காட்டினாள். "அதோ நிக்குது பாரு, பையில அளவுகோலோட. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை மனுஷன் மாதிரி ஒரு தப்பு பண்ணிச்சு. அதையும் அதுவே அளந்து பார்த்து வேண்டாம்னு தள்ளிடுச்சு."